பெயரில்லா மனு

தெருவார் அவளைப் பொத்தானக்கா என்றே அழைப்பர். நூல் முனை வெளியே தெரியும்படி ஒரு துணியையும் அவள் தைத்துக் கொடுத்ததில்லை. தன் பேச்சையும் அவ்வாறே உள்ளே மடித்துத் தைத்துக்கொள்பவள். அப்படிப்பட்டவள் அன்று சுகாதார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், உறங்கும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, எழுத்தரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“என் பேர் மட்டும் வெளிய தெரியக் கூடாது சார்.”

“பேரை மையால அடிச்சுட்டுத்தான் நீங்க புகார் சொல்ற ஆளுக்கு நகல் போகும். பயப்படாமச் சொல்லுங்க.”

பக்கத்து வீட்டுக்காரன் பின்கட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவதை அவள் சொல்லச் சொல்ல, எழுத்தர் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டியதும் அவள் முகம் வெளிறியது.

“‘ஜன்னல் வழியாப் புகை வருது’ங்கறது வேணாம் சார். அந்தப் பக்கம் ஜன்னல் எனக்கு மட்டுந்தான்.”

எழுத்தர் அடித்தார்.

“தைக்கிற துணியில கரி படியுதுன்னும் வேணாம்.”

அதையும் அடித்தார். “இப்படியே போனா ‘ஐயா, வணக்கம்’ மட்டுந்தாம்மா மிஞ்சும்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தை உறக்கத்திலேயே இருமிற்று. முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அவன்கிட்ட நேர்ல சொல்லிப் பார்த்தீங்களா?”

“ஒரு தடவை வாயைத் திறந்தேன். ‘உன் ஊசியை உன் வீட்டோட வச்சுக்க’ன்னான்.”

“வேற வீடு பார்த்துப் போயிடலாமே?”

“நான் மட்டும் போய் என்ன சார் ஆகப்போகுது?”

எழுத்தர் பேனாவை மூடினார். “வெறும் புகைன்னு எழுதினா மூணு மாசம் வரிசையில கிடக்கும். ஆதாரம் ஏதாவது இருக்கா?”

வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துணிப்பையின் அடியிலிருந்து நாலாக மடித்த சீட்டொன்றை எடுத்து நீட்டினாள். குழந்தையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு அது. இரத்தத்தில் ஈயம் இருக்கத் தகாத அளவில் இருந்தது. எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை முதல்லயே காட்டுறதுக்கென்ன? இது போதும்மா, நாளைக்கே ஆள் வந்து உலையை இடிச்சுடுவாங்க.”

“அதைப் பார்த்தா நான்தான்னு தெரிஞ்சுடும் சார். அதைச் சொல்லாம நடவடிக்கை எடுக்க வழியே இல்லையா?”

“இல்லை. இதைக் கொண்டுவந்து கொடுத்தவங்க பேரும் கையெழுத்தும் கட்டாயம் வேணும், அதை மையால அடிக்கவும் முடியாது. மூணு மாசம் இன்னும் அந்தப் புகையில கிடந்தா என்ன ஆகும்னு டாக்டர் சொல்லலையா?”

“சொன்னார்.”

எழுத்தர் பொறுமை இழந்தார். “அப்புறம் என்னம்மா யோசனை? பெத்த பிள்ளையை விடவா அக்கம்பக்கம் பெருசு உங்களுக்கு?”

குழந்தையின் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடியை அவள் ஒதுக்கிவிட்டாள். பிறகு பேனாவை வாங்கி, தன் முழுப்பெயரையும் கதவெண்ணையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

“நான் பெத்த பிள்ளை இல்லீங்க, அவன் பிள்ளை. பகல்ல மட்டும் என்கிட்ட விடுவான். இனிமே விட மாட்டான்.”