முன் சீட்

தாய்மாமன் சீரை ஏற்றிக்கொண்டு நெய்வேலியிலிருந்து கிளம்பிய பழைய பிக்கப், முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் மறுபடியும் இருமி நின்றது. சோமசுந்தரத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மகள் வயிற்றுப் பேத்திக்குத் தாய்மாமன், அவருடைய மகன் சிலம்பரசன், முந்தின வருடமே இறந்துவிட்டான். அதனால் அவளுடைய மஞ்சள் நீராட்டுக்கு அவரே சீர் கொண்டுபோகிறார். நல்ல நேரம் தவறினால் சம்பந்தி வீட்டார் முன்னால் தலை குனிய வேண்டும்.

“ஊரே சிரிக்கணும்னு ஓட்டிகினு வந்தியாடா?”

டிரைவர் ஜெயப்பிரகாஷ் டீசல் ஃபில்டரை மாற்றியிருந்தான், குழாயை ஊதியிருந்தான். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது.

“நீங்க கீழ நின்னா பம்புக்கு டீசல் வருதுங்க. ஏறி உக்காந்தா நின்னுபூடுது.”

“நான் என்ன வாய் வெச்சா உறிஞ்சறேன்?”

“அதாங்க எனக்கும் புரியல.”

“அப்ப நீயே போய்ச் சேரு. நான் பஸ்ஸுல வரேன்.” இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

வண்டி ஒரே சாவியில் கிளம்பிச் சீராக நகர்ந்தது. கேபினின் பின்கண்ணாடி வழியே டிரைவருக்குப் பக்கத்தில் இன்னொரு தலை தெரிந்தது. உச்சியில் சிலம்பரசனுக்கு இருந்த அதே இரட்டைச் சுழி.

அப்பா வருகிற வண்டியில் சிலம்பரசன் ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. வெயிலானாலும் மழையானாலும் பின்னால் சரக்கோடு நின்றுதான் வருவான்.

சோமசுந்தரம் கைத்தடியை ஓங்கினார்.

“யார் சீட்டுலடா உக்காந்துகினு போற? எறங்குடா கீழ.”

அந்தத் தலை திரும்பவே இல்லை.