மாப்பிள்ளை தள்ளிய கார்

கல்யாண மண்டபத்து வாசலிலேயே என் கார் பனியில் புதைந்துகொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமல்தான், சக்கரம் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஹொரியா வெளியே வந்தான். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

“எங்கடா கிளம்பிட்டே, லிவியு?”

“ஐஸ் வாங்க.”

“முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கு, இவன் ஐஸ் வாங்கப் போறானாம்!” விழுந்து விழுந்து சிரித்தான். “முதல்ல டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைடா. டயர் வழுக்கினா அது எஞ்சினை அடக்கிடும். பனியிலேருந்து ஏறி வரணும்னா சக்கரம் சுத்தணும்!”

அணைத்தேன். கல்யாணக் கோட்டோடு பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினான். சக்கரம் சுழன்று அவன்மேல் பனியை வாரி இறைத்தது. கார் குதித்துச் சாலையேறியது.

“மறக்காம அதைத் திரும்பப் போட்டுக்கோடா, ரோடு வழுக்கும்!” என்று கத்தியபடி கையசைத்தான்.

திருப்பம் தாண்டி நிறுத்தினேன். பின்சீட்டுக் கம்பளிக்குள்ளிருந்து மணப்பெண் ஸ்மராண்டா தலையை நீட்டினாள்.

விருந்தில் பெண்ணைக் கடத்திவிட்டால் மாப்பிள்ளை ஒயின் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். எங்கள் ருமேனியக் கல்யாணத்தில் அதுதானே வேடிக்கை!

போனை எடுத்தேன். “எத்தனை பாட்டில் கேக்கட்டும்?”

“இருபது கேளுங்கண்ணே... வேண்டாம், பாவம், தோள் கொடுத்துத் தள்ளினாரே! பத்தொன்பது போதும்.”