நன்றியுரை

தலைமையாசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணப் பாத்தாவது உங்களுக்கெல்லாம் புத்தி வரட்டும்" என்றார்.

மேடையோரத்தில் அந்தப் பெண்ணின் குழந்தையை மடியில் வைத்திருந்த நர்ஸுக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்தாதீர்கள் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பதினேழு வயதுக்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து போய் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

சின்ன வயதில் தாயானவர்களுக்காக, சுகாதார நிலையத்தின் பின்னறையில் வாராவாரம் நர்ஸ் நடத்தும் கூட்டத்துக்கு வருகிறவள் அவள். அங்கே வாயே திறக்க மாட்டாள். பள்ளிகளில் வந்து பேசுகிறாயா என்று கேட்டபோதெல்லாம் மாட்டேன் என்று தலையாட்டியவள், இந்தப் பள்ளி என்றதும் சரி என்றாள்.

ஒருவழியாகப் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நர்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

மாணவிகள் கேட்டால் போதும், பையன்களை விளையாட அனுப்பிவிடலாம் என்றிருந்தார் தலைமையாசிரியர். நர்ஸ்தான் ஒற்றைக்காலில் நின்று அவர்களையும் உட்கார வைத்தாள்.

அந்தப் பெண் பேசினாள்.

வயிறு தெரியத் தொடங்கியதும் படிப்பு நின்றது. தோழிகள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தபோது அம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும் யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள். கிசுகிசுத்துக்கொண்டிருந்த கடைசி வரிசை அடங்கிவிட்டது.

யார் அவன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நர்ஸிடமும் சொன்னதில்லை.

நன்றி சொல்ல மாணவர் தலைவன் வந்தான். படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. "தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்ட சகோதரிக்கு" என்று கணீரென்று ஆரம்பித்து, பிசிறில்லாமல் முடித்தான். ஒரு பேனாப் பெட்டியை அவளிடம் நீட்டினான். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை.

கூச்சக்காரன் போலிருக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அந்தப் பெண்ணைத் தன் பக்கத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேடையை விட்டு இறங்கிய பையனின் சட்டைக் கையை, நர்ஸின் மடியிலிருந்த குழந்தை எட்டிப் பிடித்துக்கொண்டது.

அவன் நின்றான். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கசங்கின இடத்தை நீவிக்கொண்டே போய்விட்டான்.

பஸ் நிறுத்தத்தில் நர்ஸுக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது.

"அந்தப் பையன் தங்கமான பையன். உன் பாப்பா அவன் சட்டையப் புடிச்சு இழுத்துடுச்சு. ஒரு வார்த்த சொல்லலையே!"

அவள் சட்டென்று திரும்பினாள். இத்தனை மாதங்களில் அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நர்ஸ் கண்டதில்லை.

"பாப்பா அவனத் தொட்டுச்சாக்கா? இன்னைக்குத்தான் மொத தடவையா அவன் பாப்பாவப் பாக்குறான். அதுக்குத்தான் வந்தேன். மூஞ்சி எப்படி இருந்துச்சு? சிரிச்சானா?"

நர்ஸ் குழந்தையின் விரல்களைப் பார்த்தாள்.

பஸ் வந்து நின்றது. ஏறுங்கம்மா ஏறுங்க என்று நடத்துநர் சத்தம் போட்டார். பிறகு விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

அவள் தோளில் குழந்தை தூங்கிப்போயிருந்தது. அவள் இன்னும் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.