பத்தொன்பதும் ஒன்றும்

"இருபது. சரி, டாக்டர்" என்றாள் அவள்.

ஆபரேஷன் தியேட்டரே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தது. சர்ஜன் தையல் நூலுக்குக் கை நீட்டினார்.

வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை ஒற்றியெடுக்க உள்ளே துணி வைப்பார்கள். மாப் என்பார்கள். எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று ஒருவர் எண்ணிச் சொன்ன பிறகுதான் வயிற்றை மூடலாம். பதினெட்டு வருடமாக இங்கே அப்படி எண்ணும் நர்சுகளில் அவளும் ஒருத்தி. எண்ணுவது, சரி என்பது, தையல் நூல் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பது.

அம்மாவுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது என்று மகள் கேலி செய்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு பாத்திரம் துலக்கும்போது மனசு கசந்துபோகும். இதற்கா பிறந்தேன்? ஒரு நாள் நான் எண்ணாவிட்டால் வானமா இடிந்து விழப்போகிறது?

மேஜையில் கிடந்தவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு. வருடக்கணக்கில் வலி. போன இடத்திலெல்லாம் வாயு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலை வேனிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். வயிற்றைத் திறந்து உள்ளே இருந்த கட்டியைத் தொட்டதும் சீழும் ரத்தமும் பொங்கி வந்தன. சர்ஜன் கைக்கு அகப்பட்ட மாப்பையெல்லாம் அள்ளி அள்ளி வெளியே போட்டார்.

இப்போது அவை ஸ்டாண்டில் தொங்கின. வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை.

"பிரஷர் எழுபது. சீக்கிரம் மூடுங்க" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

அவள் நூல் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். கண் மட்டும் சும்மா இருக்காமல் ஸ்டாண்டின் மேல் ஓடியது. மூன்றாவது வரிசையில் போய் நின்றது.

எக்ஸ்ரேயில் தெரிவதற்காக ஒவ்வொரு மாப்பிலும் ஒரு வண்ண நூல் வைத்து நெய்திருப்பார்கள். பத்தொன்பதில் நீலம். ஒன்றில் பச்சை.

பித்தநீர் பட்டால் நீலம் பச்சையாகத் தெரியும். அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கை கேட்கவில்லை. அதை எடுத்து உப்பு நீரில் அலசிப் பிழிந்தாள்.

பச்சை பச்சையாகவே இருந்தது.

பச்சை நூல் மாப் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவது நின்று மூன்று வருடமாகிறது. அப்படியானால் இது இன்று உள்ளே போனதில்லை. அந்த வயிற்றின் பழைய ஆபரேஷன் தழும்புக்கு அடியில், இத்தனை நாளும் இருந்தது.

அப்படியானால் இன்றைக்கு உள்ளே போனதில் ஒன்று இன்னும் வெளியே வரவில்லை.

சரி என்று சொன்ன வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் பிரஷர் இன்னும் இறங்கினால் பழி அவள் தலையில்தான் விடியும்.

"மூடாதீங்க டாக்டர். ஒண்ணு உள்ள இருக்கு."

"இருபது போட்டோம், இருபது வந்தாச்சு. சரின்னு நீங்கதான சொன்னீங்க? நூலைக் குடுங்க!"

அவள் கொடுக்கவில்லை. பாக்கெட்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சை நூல் மாப்பை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

சர்ஜன் அதைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார். கையை மறுபடி உள்ளே விட்டார்.

அறுபத்தைந்து என்றார் மயக்க மருந்து டாக்டர்.

ஈரலுக்குப் பின்னாலிருந்து, நனைந்த உருண்டையாக, அது வந்தது. நீல நூல்.

அவள் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள்.

கடைசித் தையல் போடும்போது பிரஷர் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. துக்கத்தினால் இல்லை. இந்தக் கையும் கண்ணும் தனக்கு எதற்கு என்பது பதினெட்டு வருடத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது. இனி யார் கேலி செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

கையுறையைக் கழற்றி எறிந்த சர்ஜனுக்குக் கோபம் அடங்கவில்லை. "பழைய ஆபரேஷனும் இங்கதான் நடந்திருக்கு. ஃபைலை எடுத்துட்டு வாங்க. யாரு எண்ணாம கையெழுத்துப் போட்டாங்கன்னு பார்க்கணும்."

அவளுக்கும் வயிறு எரிந்தது. எந்தப் பாவி இது? ஒரு மனுஷியின் வலியை வாயு என்று ஊரே கைகழுவ விட்ட பாவி எவள்? கோப்பு அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நான்கு வருடத்துக்கு முந்தைய கோப்பு. மாப் எண்ணிக்கைத் தாள் கடைசியில் இருந்தது. இருபது கட்டத்திலும் டிக். ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டதாகத் தெரியவில்லை. கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டவை. அடியில் சரி என்று எழுதி, ஒரு கையெழுத்து.

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தாள் ஒரே ஒரு பின்னில்தான் நின்றது. அறையில் யாரும் இல்லை. சீருடையின் பை ஆழமானது.

அவள் திரும்பி வந்தபோது சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். கோப்பை அவர் முன்னால் விரித்து வைத்தாள். கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான் எண்ணினது, டாக்டர்."