சேர்த்து விசாரிக்கக் கேட்கும் மனு

சென்னியப்பன் மீது ஒன்று, அவர் மனைவி கமலவேணி மீது ஒன்று என வருமான வரித்துறை இரண்டு வரி ஏய்ப்பு வழக்குகளைப் போட்டிருந்தது. எண்ணெய் மில் அவர் பெயரில் இருந்தது. அந்த எண்ணெயை விற்கும் கடை அவள் பெயரில். இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்டு வக்கீல் எழுதிய மனுவை, நீதிமன்ற வராந்தாவில் சென்னியப்பன் அவளிடம் நீட்டினார்.

“ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்துட்டுப் போயிரலாம். கையெழுத்தப் போடு.”

அவர் நீட்டிய தாள்களில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வந்தவள் கமலவேணி. அன்று காலை அவரே காபி போட்டுக் கொடுத்தது அவளைப் படிக்க வைத்தது. இரண்டு கணக்கையும் இரண்டாம் எதிரியே கவனித்து வந்தார் என்று மனுவில் இருந்தது. எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்; மனுவில் இரண்டாவதாக இருந்தது அவள் பெயர்.

“ஏனுங்க, மில்லுக் கணக்க நான் எப்பப் பாத்தேன்?”

“பொம்பளைக்குத் தண்டனை கொறைச்சலாப் போடுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு,” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே, மனுவில் அவள் கையெழுத்து இல்லாததைப் பார்த்து, சம்மதம்தானா என்று நடுவர் அவளைக் கேட்டார்.

“இல்லீங்கய்யா. நான் தனியா வக்கீல் வெக்கோணும். நாள் குடுங்க.”

நடுவர் இரண்டு வாரம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் கோபப்படவில்லை. காரின் முன்கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

“ஏறு. போற வழியில பேசிக்கலாம்.”

“ஊட்டுக்குத்தானுங்களே போறோம்?” என்று கேட்டாள். பதில் வரும்வரை அவள் ஏறவில்லை.