ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

"ஆபீஸ் போறப்ப கார் சாவியத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆகுது. ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பினா மட்டும் செத்த பாம்பாட்டம் கிடக்குது. நாலு வாரமா இதே கூத்து!" என்று பொரிந்து தள்ளிவிட்டு, காபி எடுத்துவர உள்ளே போனாள் மனைவி.

மாமியாரே அனுப்பிவைத்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். பேட்டரி வயரை ஒரு விரலால் ஆட்டினார். அது கையோடு வந்தது.

"சார், நட்டுல ஸ்பேனர் பட்ட தடம் பளபளன்னு இருக்கு. இது தானா கழண்டது இல்ல."

கணவன் குரலைத் தாழ்த்தினான். "நான்தாம்பா. உள்ள நுழைஞ்சதுமே மாமியார் 'எப்ப ப்ரமோஷன்'னு ஆரம்பிப்பாங்க, சாயங்காலம் வரைக்கும் ஓடும். காட்டிக் குடுத்துடாத."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வயரை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். விளக்கெல்லாம் எரிந்தது, என்ஜின் மட்டும் மூச்சுவிடவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ஸ்டார்ட்டர் ரிலே எங்க சார்? அது இல்லாம என்ஜின் கிளம்பாதே. அதையும் கழட்டிட்டீங்களா?"

"ரிலேவா? அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே!"

காபியோடு வந்து நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தட்டைக் கீழே வைத்தாள். ஊருக்குக் கிளம்புகிறவள் போலத் தோளில் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்து, தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

"என்ன முறைக்கிறீங்க?" என்றாள் கணவனிடம். "உங்களுக்கு அவங்க மூணு வருஷமாத்தான் மாமியார். எனக்குப் பொறந்ததுலேருந்து அம்மா!"