முழுப் பக்கப் படம்

“மறுபடியும் அந்தப் படக்கடை வாசல்ல போய் நின்னீங்களா?” என்றாள் எலோடி.

“நிக்கல. அந்த வழியா நடந்தேன்.”

“மூணு தடவையா? ரொட்டிக்கடைக்காரம்மா எண்ணிச் சொல்றா.”

அவள் கணவர் வால்கிரோஸ் பிரபு கைத்தடியை ஓங்கித் தரையில் ஊன்றினார். “லெஸ்பாரைப் பூசணிக்காயா வரைஞ்சிருக்கான். பாரீஸே சிரிக்குது. அந்த லெஸ்பாரே வெட்கமில்லாம பத்துப் பிரதி வாங்கிட்டுப் போறான்!”

“உங்களுக்கு எரியுது.”

“எனக்கா? த்தூ!”

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தேர்தலில் நின்று, அவருடைய நாடாளுமன்ற இடத்தைப் பறித்தவர் லெஸ்பார். இப்போது பத்திரிகையில் வாரம் தவறாமல் அவரைப் பற்றிக் கேலிச்சித்திரம் வேறு. யாரைக் கிண்டலாக வரைந்தாலும் அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்காமல் அச்சிடக் கூடாது என்பது சட்டம். தன்னிடம் கேட்டால் முகத்திலடித்தாற்போல் மறுத்து, குடும்ப மானத்தைக் காக்க வேண்டும் என்று பிரபு காத்திருந்தார். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. பத்திரிகை ஓவியர் பெலிசியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

“வால்கிரோஸ் பிரபு படத்துக்குக் குடும்பத்தோட சம்மதம் வேணுங்க.”

குடும்பம் என்றதும் பிரபுவின் முதுகு நிமிர்ந்தது. மரியாதை தெரிந்தவன்!

“நானூறு வருஷமா எங்களை எவனும் காய்கறி ஆக்கினதில்ல, தெரியுமா?”

“இது சிலைங்க ஐயா.”

ஓவியர் தாளை விரித்தார். உயர்ந்த பீடத்தின் மேல் கல்லாக நின்றார் பிரபு. தலையில் ஒரு புறா.

“புறா எதுக்கு?”

“சனங்க சிரிக்கணும் இல்லீங்களா?”

பிரபு தொண்டையைச் செருமினார். “லெஸ்பாருக்கு எவ்வளவு இடம் கொடுத்தீங்க?”

“அரைப் பக்கம்.”

“இதுக்கு?”

“முழுப் பக்கம்.”

“எலோடி! பேனாவைக் கொண்டா!”

வால்கிரோஸ் என்று குடும்பப் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டார். “இதைப் பார்த்து லெஸ்பார் வயிறு எரியட்டும்!”

“அவரு பார்த்துட்டாருங்க. விழுந்து விழுந்து சிரிச்சாரு,” என்றார் ஓவியர், மையை ஊதி உலர்த்தியபடி. “செத்தவரை வரையணும்னா வீட்டாரைக் கேளுன்னு இந்த முகவரியைக் கொடுத்தவரே அவருதான். பிரபு தவறிப் பல வருஷம் ஆச்சாமே... நீங்க அவருக்குத் தம்பிங்களா?”